வீடு திரும்பும் உடம்பு

ஓர் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் மறுமுனையைத் துபாயிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் அட்லாண்டிக்கின் மேல் போகாது, பசிபிக்கின் மேலும் போகாது. நேராக வடக்கே ஏறி, கனடாவைக் கடந்து, வட துருவத்தை ஒட்டி மறுபக்கம் இறங்கி, ரஷ்யா, ஈரான் வழியாகத் துபாய்க்கு வந்து சேரும். கணக்கு எளிது. சான் பிரான்சிஸ்கோ மேற்குத் தீர்க்கரேகை 122 பாகையில் இருக்கிறது, துபாய் கிழக்கே 55 பாகையில். கூட்டினால் 177. பூமியின் அரைச்சுற்று 180. ஆகவே இரண்டு ஊர்களும் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே குறுக்குவழி துருவம்தான். தூரம் சுமார் 13,000 கிலோமீட்டர். பறப்பதற்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம். துபாயில் சில மணி நேரக் காத்திருப்பு. அப்புறம் சென்னைக்கு இன்னும் நான்கு மணி நேரம்.

விமானிகள் நூல் பிடித்தாற்போலப் பறப்பதில்லை. அன்றைய காற்றையும் எந்த நாட்டு வான்வெளியில் அனுமதி இருக்கிறது என்பதையும் பார்த்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகுவார்கள். இருந்தாலும் வழி வடக்குதான். ஜூன் மாதத்தில் பிற்பகல் நாலரை மணிக்குக் கிளம்பும் விமானம் இப்படித் துருவத்தை ஒட்டிப் போனால், மறுநாள் அந்தியில் துபாயில் இறங்கும்வரை சூரியன் மறைவதே இல்லை. ஆர்க்டிக் வட்டத்துக்குள் அது நள்ளிரவுச் சூரியனின் காலம். உள்ளே ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, போர்வை கொடுத்து இரவு என்கிறார்கள். வெளியே பட்டப்பகல்.

அந்தப் பகல் குளிரானது. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று சராசரியாக மைனஸ் 56 டிகிரி. துருவத்தின் அருகே இன்னும் கீழே போகும். அமெரிக்காவில் நிரப்பப்படும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். பிற நாடுகளில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ-1 வகைக்கு அந்த எல்லை மைனஸ் 47. அதனால் துருவ வழியில் போகும் விமானி, இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை ஒரு கண்ணால் கவனித்தபடியே இருப்பார். எல்லையை நெருங்கினால் வெதுவெதுப்பான காற்று இருக்கும் உயரத்துக்கு இறங்குவார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். காற்றோடு உரசும் வேகத்திலேயே இறக்கையின் தோல் சில டிகிரி சூடாகும். காந்த துருவத்தின் அருகில் சாதாரணத் திசைகாட்டியை நம்ப முடியாது என்பதால் கணக்கெல்லாம் புவியியல் வடக்கை வைத்துத்தான் நடக்கும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது முப்பதாவது வரிசையில் ஓர் அம்மா, பேத்தி வரைந்து கொடுத்த படத்தைக் கைப்பையில் மடங்காமல் வைக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்.

இந்த அத்தியாயம் அந்த அம்மாவைப் பற்றியது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், ஐந்தாறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெற்றோர் நம் விமான நிலையங்களில் தினமும் வந்து இறங்குகிறார்கள். போகும்போது எத்தனை ஏற்பாடு! விசா, மருத்துவக் காப்பீடு, ஆறு மாதத்துக்கான மாத்திரைகள், டாக்டரிடம் ஒரு முழுப் பரிசோதனை. திரும்பும்போது அந்த அக்கறையில் கால்வாசிகூட இருப்பதில்லை. பெட்டியின் எடை மீறாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. நம் ஊருக்குத்தானே வருகிறோம் என்ற நினைப்பு. ஆனால் ஆறு மாதம் தங்கியவரின் உடம்பு கலிபோர்னியாவுக்கு முழுதாகப் பழகிவிட்டது. அந்த உடம்புக்கு இப்போது சென்னைதான் வெளிநாடு.

விமானத்துக்குள் ஊட்டி

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பது போலவே இருக்கும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வெளியே நாற்பதாயிரம் அடி உயரத்துக் காற்று மூச்சுக்கு ஆகாது என்பதால், பெரும்பாலான விமானங்களில் இயந்திரத்திலிருந்து அழுத்தப்பட்ட காற்றை எடுத்து, குளிர்வித்து உள்ளே விடுகிறார்கள். ஆனால் கடல்மட்ட அழுத்தத்தை முழுதாகக் கொண்டுவந்தால் விமானத்தின் உடல் அதைத் தாங்க மிகக் கனமாக இருக்க வேண்டும். அதனால் ஒரு சமரசம்: உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதைவிடக் குறையக்கூடாது என்பது விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடி அளவில் இருக்கிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். பல விமானங்களில் நாம் பதினாறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஏறத்தாழ ஊட்டியில்தான்.

ஆரோக்கியமானவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது. இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 97, 98 சதவீதத்திலிருந்து 92, 93க்கு இறங்கும். கொஞ்சம் அசதி, கொஞ்சம் தலைபாரம், அவ்வளவுதான். ஏற்கெனவே நுரையீரல் நோயோ, இதயச் செயலிழப்போ, கடுமையான இரத்தசோகையோ உள்ளவருக்குக் கதை வேறு. ஊட்டிக்குப் போனால் மூச்சு வாங்கும் என்பவர், விமானத்திலும் மூச்சு வாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டால் வழியில் ஆக்சிஜன் தர ஏற்பாடு செய்ய முடியும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விழித்திரை அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. வெளியழுத்தம் குறைந்தால் குமிழி விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வையே போய்விடலாம்.

வாயு விரிவதை நீங்களே பார்க்கலாம். உச்ச உயரத்தில் பறக்கும்போது தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கித் திருகி முன்பையில் செருகி வையுங்கள். துபாயில் இறங்கும்போது எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் பிசைந்தது போல இருபக்கமும் ஒட்டிப்போயிருக்கும். மேலே அடைபட்ட மலைக்காற்றைக் கீழே உள்ள கடல்மட்டக் காற்று நசுக்கியிருக்கிறது. ஏறும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வயிற்றிலும் குடலிலும் உள்ள வாயு கிட்டத்தட்ட 30 சதவீதம் விரிகிறது. புடவையோ பேன்ட்டோ இடுப்பில் இறுக்குவதும் வயிறு உப்புவதும் அதனால்தான். பயணத்துக்கு முன் மொச்சையும் முட்டைக்கோஸும் வேண்டாம்.

காதுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய், உள்ளே இருக்கும் காற்றைச் சுலபமாக வெளியே விட்டுவிடும். வெளிக்காற்றை உள்ளே விட மட்டும் அடம்பிடிக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கிறது. தூங்குபவர் அடிக்கடி விழுங்க மாட்டார். ஆகவே விமானம் இறங்கத் தொடங்கியதும் பக்கத்தில் தூங்கும் பெரியவரை எழுப்பி ஒரு மிட்டாய் கொடுப்பது நல்ல காரியம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான்.

மைனஸ் 56 டிகிரி காற்றில் ஈரம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அதைச் சூடாக்கி உள்ளே விட்டால் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். சென்னையில் எழுபதில் பழகிய மூக்கும் கண்ணும் உதடும் அதனால் காய்கின்றன. இதனால் உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் போய்விடும் என்பது மிகை. கூடுதலாகப் போவது ஒன்றிரண்டு டம்ளர்தான். நாக்கின் உணர்வும் மாறுகிறது. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், லுஃப்தான்சாவுக்காக ஒரு விமான உடற்பகுதியைத் தாழ்வழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்தபோது உப்பும் இனிப்பும் மங்கித் தெரிந்தன. புளிப்பும் காரமும் பெரிதாக மாறவில்லை. தக்காளிச் சாறு தரையில் இருப்பதைவிட மேலே சுவையாக இருந்தது. மகள் கட்டிக்கொடுத்த புளியோதரை அங்கே ருசிப்பதற்கு மகள்மேல் உள்ள பாசம் மட்டும் காரணம் இல்லை.

அசையாத கால்

இந்தப் பயணங்களில் நான் கவலையோடு பார்க்கும் விஷயம் வேறு. நம் வீட்டுப் பெரியவர்கள், அதிலும் பெண்கள், விமானத்தில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். ஜன்னல் சீட்டில் இருப்பார்கள். கழிவறைக்குப் போவதென்றால் பக்கத்தில் தூங்கும் இருவரை எழுப்ப வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு, பத்து மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். துபாயில் செருப்பை மாட்டப் போனால் கால் நுழையாது. கணுக்காலில் சாக்ஸின் விளிம்பு பதிந்த தடம் இருக்கும். அதற்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பும்.

பாதத்திலிருந்து இரத்தம் இதயத்துக்கு மேலேற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளை அழுத்துகிறது. சிரையில் உள்ள வால்வுகள் இரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. நடை நின்றால் இந்த ஏற்றமும் நிற்கிறது. நீர் திசுக்களில் இறங்குவது வீக்கம். அது ஓரிரு நாளில் வடிந்துவிடும். தேங்கிய இரத்தம் ஆழ்சிரையில் உறைந்தால்தான் ஆபத்து. அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிர் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது என்றது. விமானம் மட்டும் அல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரட்டிப்பானாலும் அது ஏறத்தாழ ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர், முன்பே இரத்தம் உறைந்தவர் ஆகியோர் கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வழி எளிது. டிக்கெட் எடுக்கும் மகனும் மகளும் பெற்றோருக்கு நடைபாதை ஓர இருக்கையைப் போட்டுக் கொடுங்கள். எழுந்து நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது. உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இவ்வளவே போதும், கெண்டைக்கால் வேலை செய்யும்.

இரண்டு மணிக்குப் பசி

வீடு வந்தாயிற்று. இரவு இரண்டு மணி. வீடே தூங்குகிறது, அம்மா சமையலறையில் விளக்கைப் போட்டு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல பசி. கலிபோர்னியாவில் அப்போது பகல் ஒன்றரை மணி. மாலை நான்கு மணிக்கோ உட்கார்ந்த நாற்காலியிலேயே தலை சாய்கிறது. அங்கே விடிகாலை மூன்றரை.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சிறிய இரண்டு நரம்பணுத் திரள்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்துச் சுமார் இருபதாயிரம் அணுக்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். வெளியிலிருந்து எந்தத் தகவலும் வராவிட்டாலும் அது ஓடும். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்குகைக்குள் கடிகாரம் இல்லாமல் ஜூலை 16 முதல் செப்டம்பர் 14 வரை இருந்தார். வெளியே அழைத்தபோது அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். நாள்களை எண்ணுவதில் மனம் தவறியிருந்தது, ஆனால் தூங்கி விழிக்கும் சுற்று ஏறத்தாழ இருபத்து நாலரை மணிக்கு ஒருமுறை என்று தவறாமல் நடந்திருந்தது. பிறகு 1999இல் ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் கட்டுப்பாட்டோடு அளந்தபோது மனிதக் கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. இயல்பாகவே நாம் கொஞ்சம் தாமதக்காரர்கள். அதனால்தான் நாள் நீளும் மேற்குப் பயணம் சுலபம், நாள் சுருங்கும் கிழக்குப் பயணம் கடினம். மேற்கே போனால் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் நகர்ந்து கொடுக்கும். கிழக்கே போனால் ஒரு மணி நேரம்தான்.

இந்த ஆராய்ச்சியில் மதுரைக்கும் இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், மனிதர்களைக் காலமறியா அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்து அவர்களுடைய தூக்கச் சுற்றை ஆராய்ந்தார். அவரும் மாணவர்களும் மதுரைப் பக்கத்துக் குகைகளில் வௌவால்களை வைத்துச் செய்த சோதனை இன்னும் அழகானது. வெளிச்சமே புகாத குகை ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் அந்தியில் பறந்து போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டுக்குள் இருந்ததும் அதே நேரத்தில் விழித்து அதே நேரத்தில் அடங்கியது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் விலகிப் போனது. கூட இருப்பவர்களின் நடமாட்டமும் நேரம் சொல்லும் என்பது அங்கே தெரியவந்தது.

மனிதருக்கு எல்லாவற்றையும்விட வலிய தகவல் வெளிச்சம். உருவத்தைப் பார்க்கப் பயன்படும் அணுக்கள் போக, வெளிச்சத்தின் அளவை மட்டும் அந்தத் தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்கள் விழித்திரையில் இருக்கின்றன என்பது 2002இல் உறுதியானது. பகல் வானத்தின் நீலமே அவற்றை அதிகம் தூண்டும். ஆனால் எப்போது வெளிச்சம் பட்டாலும் நல்லது என்று நினைத்தால் தவறு. உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது விடிகாலை நான்கு மணி வாக்கில். அதற்கு முந்தைய சில மணி நேரங்களில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதமாக்கும். அதற்குப் பிந்தைய மணி நேரங்களில் படும் வெளிச்சம் முந்த வைக்கும். இங்கே நான்கு மணி என்பது சுவர்க் கடிகாரத்தின் நான்கு அல்ல, உடம்பு இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஊரின் நான்கு.

கோடையில் லண்டனிலிருந்து வருபவரை எடுத்துக்கொள்வோம். அங்கே நான்கு என்றால் இங்கே எட்டரை. அவருடைய கடிகாரம் நாலரை மணி நேரம் முந்த வேண்டும். ஆகவே எட்டரைக்குப் பிறகு வரும் வெயில்தான் அவருக்கு மருந்து. முதல் நாளே ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனால் அது எதிர்த்திசையில் தள்ளிவிடும். காலை வெயில் பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் அன்போடு சொல்லும் ஆலோசனை அவருக்குத் தொல்லை. முதல் நாள் ஒன்பது மணிவரை திரைச்சீலையை மூடி வையுங்கள், பிறகு வெளியே போகட்டும். தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக நகர்த்தினால் நாலைந்து நாளில் பழைய நடை நேரம் வந்துவிடும்.

கலிபோர்னியாக்காரருக்குக் கோடையில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். அவருடைய நான்கு மணி இங்கே மாலை நாலரை. பன்னிரண்டரை மணி நேரம் முந்துவதைவிடப் பதினொன்றரை மணி நேரம் தாமதமாவது கடிகாரத்துக்குச் சுலபம். ஆகவே காலை பத்தரையிலிருந்து மாலை நாலரைவரை வெளிச்சத்தில் இருப்பது அவருக்கு உதவும். தாழ்வாரத்தில் உட்கார்ந்தாலும் போதும், உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை. அதன் பிறகு முதல் ஓரிரு நாள் நிழலில் இருக்கட்டும். முழுதாகச் சரியாக எட்டு நாள் போல ஆகும். ஈரலுக்கும் குடலுக்கும் தனிக் கடிகாரங்கள் உண்டு, அவை உணவு நேரத்தைப் பார்த்து நகர்பவை. அதனால் இரண்டு மணிப் பசிக்கு முழுச் சாப்பாடு போடாமல் ஒரு டம்ளர் பாலோடு நிறுத்திவிட்டு, காலையில் எல்லோரோடும் உட்கார்ந்து இட்லி சாப்பிடச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள், வழியிலும் வந்த பிறகும் எந்த நேரத்துக்கு எந்த மருந்து என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

தூக்கம் சரியாகிவிட்டது, பசி நேரத்துக்கு வருகிறது, பெட்டி காலியாகி அட்டத்தில் ஏறிவிட்டது. பயணம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும் இந்த நேரத்தில்தான் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ஆழ்சிரையில் இரத்தம் உறையும் ஆபத்து இறங்கிய அன்றோடு தீர்வதில்லை, நான்கு வாரம்வரை நீடிக்கிறது. அந்த நான்கு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வலித்துச் சூடாக இருந்தாலோ, தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். இரண்டு இடத்திலும் டாக்டர் கேட்பதற்கு முன்பே, எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் விமானத்தில் வந்தார் என்பதைச் சொல்லிவிடுங்கள்.